மீன்களின் ஆகாயப் பிரயாணம்

பாலக்காட்டுக் கணவாயின் தெற்கு ஓரமாக, நெல்லியாம்பதி மலைச்சாரலை விட்டு அகலாமல் கொல்லங்கோட்டிலிருந்து கிழக்கே வருகிற சாலை, முதலமடையின் மாந்தோப்புகளுக்கு நடுவே நெடுந்தூரம் நிழலில் ஓடிக் கோவிந்தாபுரம் என்ற சிற்றூரில் கேரளத்தை விட்டுத் தமிழ்நாட்டில் பிரவேசிக்கிறது. எல்லை என்றதும் ஒரு மலைத்தொடரையோ பெரிய நதியையோ எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இந்த இடம் ஏமாற்றத்தையே தரும். கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. அரசாங்க பஸ்களின் வர்ணம் மாறுகிறது. மற்றபடி அதே செம்மண், அதே தென்னை, அதே மேல்காற்று. பாஷையும்கூட இங்கே கோடு பார்த்து நிற்பதில்லை. எல்லைக்கு மேற்கே பல வீடுகளில் அடுப்படியில் தமிழும் கடைவீதியில் மலையாளமுமாகக் காரியம் நடக்கிறது. சண்டை வந்தால் இரண்டையும் தாராளமாகப் பிரயோகிக்கிறார்கள்.

இந்த எல்லையின் விசித்திரத்துக்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். மலைக்கு அப்பால் இருக்கும் பரம்பிக்குளம் வனம் முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஆனால் பரம்பிக்குளத்துக்காரர் ஒருவர் தம்முடைய பஞ்சாயத்து ஆபீசுக்கு வர வேண்டுமானால், டாப்சிலிப், சேத்துமடை, ஆனைமலை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு, கோவிந்தாபுரம் வழியாகத் தம் சொந்த மாநிலத்துக்குள் மறுபடி நுழைய வேண்டும். மனிதர்கள் இப்படிச் சுற்றி வர, அந்த வனத்தின் தண்ணீரோ மலையைக் குடைந்த சுரங்கங்களின் வழியே நேராகவே கிழக்கே வந்து பொள்ளாச்சிச் சீமையின் தென்னைகளுக்குப் பாய்கிறது.

நான் இந்தச் சாலையில் பலமுறை போய் வந்தவன். ஆனாலும் ஒரு பிளாஸ்டிக் வாளியை இரு முழங்கால்களுக்கும் இடையே இறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ளே இருக்கிற ஜீவன்களின் க்ஷேமத்தை எண்ணிக் கவலைப்பட்டுக்கொண்டு போனது சென்ற தை மாதத்தில்தான். முதலமடையில் குடியிருந்த என் தங்கையின் கணவருக்கு டில்லிக்கு மாற்றலாகிவிட்டது. அவர் முன்னதாகப் போய் வீடு பிடித்துவிட்டார். பாத்திரம் பண்டங்கள் லாரியில் போய்ச் சேர்ந்தன. மிச்சம் இருந்தவை மூன்று: என் தங்கை, அவளுடைய பத்து வயதுப் பிள்ளை, அந்தப் பிள்ளையின் கண்ணாடித் தொட்டியில் இருந்த மீன்கள். அவற்றில் ஏஞ்சல் ஒரு ஜோடி, கப்பிகள் ஒரு சிறு கூட்டம், ஒற்றையாக வைத்து வளர்த்த ஃபைட்டர் ஒன்று, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீன் ஒன்று.

"பக்கத்திலேதானே மீன்கரை அணை இருக்கிறது, அதிலே விட்டுவிட்டுப் புறப்படுங்கள், புண்ணியமாகவும் போகும்" என்று அண்டை வீட்டார் யோசனை சொன்னார்கள். நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் இதைவிடப் பெரிய அபகாரம் அந்த அணைக்கும் அதில் பிழைக்கிற மீனவர்களுக்கும் வேறில்லை. சக்கர் மீன் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. எலும்புத் தகடு போர்த்த உடலும் முள்ளும் உடையது. எந்த அழுக்கு நீரிலும் பிழைத்துப் பெருகும். இப்படித் தொட்டிக்குப் பெரிதாகிவிட்டதென்று யாரோ தயையோடு கொண்டுபோய் விட்டவைதான் இன்று நம் நாட்டு ஏரிகளிலும் கால்வாய்களிலும் பல்கி, வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் அபகரித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே அணை யோசனை தள்ளுபடியாயிற்று. பிள்ளையோ மீன்கள் இல்லாமல் தான் டில்லிக்கு வரப்போவதில்லை என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டான்.

விமானத்தில் மீனைக் கொண்டுபோக இடம் உண்டா என்று விசாரித்தேன். அமெரிக்காவில் பிரயாணிகள் கைப்பையில் திரவ பதார்த்தம் கொண்டுபோகக் கடுமையான அளவுக் கட்டுப்பாடு இருந்தபோதிலும், உயிருள்ள மீன் நீந்திக்கொண்டிருக்கிற தண்ணீருக்கு விலக்கு அளித்திருக்கிறார்கள். பாத்திரம் உள்ளே தெரியும்படி இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் விட்டுவிடுவார்களாம். அதற்குமேல் ஏற்றிக்கொள்வதும் கொள்ளாததும் கம்பெனியின் இஷ்டம். நம் தேசத்தில் செல்லப் பிராணி என்றால் விமானக் கம்பெனிகளின் மனக்கண்ணில் தோன்றுவது பெரும்பாலும் நாயும் பூனையுமே. மீன் பிரயாணியோடு உட்கார்ந்து போக முடியாவிட்டாலும், முறைப்படி கட்டிய பெட்டியில் சரக்காகப் போகலாம் என்று தெரிந்தது. உலகத்து வர்ண மீன் வியாபாரம் முழுவதும் அப்படித்தான் நடக்கிறது. ஐயாட்டா என்று சுருக்கமாக வழங்கும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம், பிராணிகளை எப்படி ஏற்ற வேண்டுமென்று ஆண்டுதோறும் திருத்தி வெளியிடுகிற பெரும் புஸ்தகத்தில், சிங்கத்துக்கும் யானைக்கும் கூண்டு விதித்திருப்பதுபோலவே மீனுக்கும் பெட்டி விதித்திருக்கிறது.

பொள்ளாச்சியில் ஒரு கலர் மீன் கடைக்காரர் பெட்டி கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார். அவர் டெலிபோனில் இட்ட முதல் கட்டளை, புறப்படுவதற்கு முந்தைய நாளிலிருந்து தீனி போடக் கூடாது என்பது. பிள்ளைக்கு அது சம்மதமாகவே இல்லை. ஊருக்குப் போகிற குழந்தைக்கு வயிறு நிறைய ஊட்டி, கையில் கட்டுச்சோறும் கொடுத்தனுப்புகிற வீட்டில் வளர்ந்தவன் அல்லவா? நாம் அறிந்த பிரயாண சாஸ்திரமெல்லாம் கூடுதலாகக் கொடுப்பதில் அடங்கியிருக்கிறது. மீனின் பிரயாணத்துக்கோ குறைத்துக் கொடுப்பதே உபசாரம். இதை எனக்குப் போகப்போகத்தான் கடைக்காரர் விளங்க வைத்தார்.

விடியுமுன் காரில் புறப்பட்டோம். மாமரங்கள் பூத்திருந்தன; முந்திக்கொண்ட சில கிளைகளில் பிஞ்சும் பிடித்திருந்தது. இந்தியாவில் வேறெங்கும் மாங்காய் கண்ணில் படுவதற்கு முன்னால் முதலமடையில் அறுப்புத் தொடங்கி, டில்லிச் சந்தைவரை போய்விடும். மாங்காய்க்கு முன்பே பழகிவிட்ட அந்தப் பாதையில் இப்போது மீனும் போகப்போகிறது என்று என் தங்கை சொன்னாள். மீன்கரை அணையின் கரை இருட்டில் மங்கலாகத் தெரிந்தபோது, பிள்ளை வாளியின் மூடியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

கோவிந்தாபுரத்தில் 2017 ஜூலை முதல் தேதி சரக்கு சேவை வரி அமலுக்கு வந்தபோது, பழைய வியாபார வரிச் சோதனை எடுபட்டுவிட்டது. ஆயினும் லாரிகள் நிற்கிற பழக்கம் எடுபடவில்லை; தேங்காயும் வைக்கோலும் காய்கறியும் ஏற்றியவை வரிசையாக நின்றன. எங்கள் காருக்குள் டார்ச் வெளிச்சம் அடித்துப் பார்த்த காவலர் வாளியில் என்ன என்று மலையாளத்தில் கேட்டார். மீன் என்றோம். குழம்புக்கா என்றார். பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவர் சங்கடப்பட்டு, மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, ஏஞ்சலின் செட்டை நீளத்தைச் சிலாகித்து, போகலாம் என்று கையசைத்தார். ஒரு வாளித் தண்ணீருக்குள் எந்த மலையின் சொத்து எந்த நாட்டுக்குப் போகிறது என்று அறிந்து சொல்லக்கூடிய சோதனைச் சாவடி உலகத்தில் எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போது ஒரு யோசனை ஓடிற்று. அதற்கு விடை பொள்ளாச்சிக் கடையிலேயே காத்திருந்தது.

அம்பராம்பாளையத்தில் ஆழியாற்றைக் கடந்து பொள்ளாச்சி சேர்ந்தபோது, கடைக்காரர் பாதிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, நேத்து தீனி கீனி போட்டீங்களா?"

"நான் போடலீங்க. அம்மாதான் ராத்திரி ஒரு சிட்டிகை போடலாம்னாங்க, நான் வேண்டாம்னுட்டேன்" என்றான் பிள்ளை.

"நீதான் கண்ணு கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையில் இறங்கினார். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே நான் கேட்டதும் அவர் சொன்னதும், பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டதுமாகச் சேர்த்துச் சொல்லுகிறேன்.

கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். இரண்டு பங்கு பிராணவாயு. மீனுக்குத் தண்ணீர்தானே உலகம், அதை நிறைய வைத்தால் என்ன என்று தோன்றும். ஆனால் அடைத்த பைக்குள் மீனுக்கு முதலில் தட்டுப்படுவது தண்ணீரன்று, வாயு. தண்ணீர் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடிய பிராணவாயு மிகச் சொற்பம். மேலே இருக்கிற வாயு கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்துதான் உள்ளே மூச்சு நடக்க வேண்டும். வாயு தீருவதற்கு முன்னாலேயே இன்னோர் அபாயம் ஆரம்பித்துவிடும். மீன் தன் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரிலேயே விடுகிறது. தின்றது அதிகமானால் கழிவும் அதிகம். ஆகையால்தான் இந்த ஏகாதசி விரதம். இருட்டும் இதற்கே உதவுகிறது: வெளிச்சம் இல்லாதபோது மீன் அதிகமாக அலையாது, அலையாத மீன் மூச்சும் குறைவாக இழுக்கும், கழிவும் குறைவாக விடும்.

இதில் பிரகிருதி செய்து வைத்திருக்கிற ஓர் ஏற்பாடு எனக்கு மிகுந்த வியப்பைத் தந்தது. மீன் வெளிவிடும் கரியமிலவாயு தண்ணீரில் கரைந்து அதைச் சற்றுப் புளிப்பாக்குகிறது. புளிப்பான நீரில் அம்மோனியாவின் பெரும்பகுதி விஷத்தன்மை குறைந்த அம்மோனியம் என்ற உருவத்திலேயே அடங்கிக் கிடக்கிறது. அதாவது, ஒரு கேடு இன்னொரு கேட்டைக் கட்டிப்போட்டுப் பிரயாணம் முடியும்வரை மீனைக் காக்கிறது. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் கவரைத் திறந்ததும் கரியமிலவாயு பறந்துவிடும், புளிப்பு இறங்கும், அடங்கிக் கிடந்த அம்மோனியா விஷமாக விழித்துக்கொள்ளும். எனவே கட்டை அவிழ்க்காமலே கவரைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, உஷ்ணம் சமமான பிறகு பிரித்து, மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். பழைய தண்ணீரை ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. பிரித்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகிறவர்கள் திரும்பி வந்து கடைக்காரரைத் திட்டுகிறார்கள்.

கவரின் இரண்டு அடிமூலைகளையும் முடிந்து ரப்பர் பேண்ட் போட்டார்; இல்லாவிட்டால் கப்பிக் குஞ்சுகள் மூலையில் செருகிக்கொண்டு நசுங்கிவிடுமாம். சக்கர் மீனின் முள் பாலிதீனைக் குத்திவிடும் என்பதால் அதற்கு மட்டும் நாலைந்து கவர், நடுவே செய்தித்தாள். ஃபைட்டருக்குப் பிராணவாயு வேண்டாம் என்றார். மேல்பரப்புக்கு வந்து காற்றை நேரே உண்ணும் உறுப்பு அதற்கு உண்டு, சாதாரணக் காற்றும் கையகலத் தண்ணீரும் அதற்குப் போதும். எந்தக் கவரையும் அவர் விம்மக் கட்டவில்லை. விமானம் ஏறியதும் உள்ளே காற்றின் அழுத்தம் குறைந்து, ஏறத்தாழ எட்டாயிரம் அடி உயரத்து மலையில் இருப்பதுபோல ஆகிவிடும். அது உதகமண்டலத்தையும்விட உயரம். தரையில் தளர்வாக இருக்கிற கவருக்குள் உள்ள வாயு அங்கே கால் பங்குக்கு மேல் விரியும். தரையிலேயே உப்பியிருந்தால் வெடித்துப் போகும்.

பாலிதீனும் சிலிண்டரும் வருவதற்கு முன்னால் இந்தக் காரியத்தை மனிதனின் கையே செய்துவந்தது. ஹௌராவிலிருந்து ரெயிலேறும் மீன்குஞ்சு வியாபாரிகள் மண் ஹண்டிகளில் ரோகு, கட்லாக் குஞ்சுகளை எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் தூங்காமல் ஹண்டியைக் குலுக்கியும் தண்ணீரைக் கையால் அடித்தும் காற்றேற்றிக்கொண்டே போவார்கள். ஆகாய மார்க்கத்துக்கும் ஒரு பூர்வ சரித்திரம் உண்டு: அமேசான் நதியில் அகப்பட்ட நியான் டெட்ரா மீன்கள் 1936-ல் ஹிண்டன்பர்க் என்ற ஆகாயக் கப்பலில் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போயின, அவற்றில் ஒன்று சிகாகோவின் ஷெட் மீன் காட்சிசாலைவரை உயிரோடு போய்ச் சேர்ந்து, விமானி லிண்ட்பெர்க்கின் ஞாபகமாக 'லோன்லி லிண்டி' என்று பெயரும் பெற்றது. அடுத்த வருஷம் அந்தக் கப்பல் எரிந்து விழுந்தது.

கடையின் பின்சுவர்த் தொட்டி ஒன்றில், மூக்கிலிருந்து கண்ணை ஊடுருவி உடம்பின் பாதிவரை ஓடும் சிவப்புக் கோடும், அதன் கீழே வால்வரை கறுப்புக் கோடும், வாலில் மஞ்சளும் கறுப்புமாகப் பொட்டும் உள்ள மீன்கள் கூட்டமாக நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக்கொண்டிருந்தன. "மிஸ் கேரளாங்க" என்றார் கடைக்காரர். மலையாளத்தில் செங்கணியான். பண்ணையில் வளர்த்தவையென்றும், மலையிலிருந்து பிடித்தவை இல்லையென்றும் நான் கேட்காமலே சொன்னார். அவர் அப்படி முந்திக்கொண்டு சொன்னதற்குக் காரணம் உண்டு.

இந்த மீனை உலகத்துக்கு எழுத்தில் அறிவித்தவர் பிரான்சிஸ் டே என்ற ராணுவ வைத்தியர். 1865-ல் மலபார் மீன்களைப் பற்றி நூல் எழுதிய அவர், திருவிதாங்கூர் மலையடிவாரத்து முண்டக்கயத்தில் கிடைத்த இந்த இனத்துக்கு அப்போது சென்னையில் கவர்னராக இருந்த ஸர் வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார். அதன்பின் நூறு வருஷத்துக்கு மேலாக அது யாருடைய நினைவிலும் இல்லாமல், கேரளத்து மலையாறுகளின் குளிர்ந்த கசங்களில் நிம்மதியாக இருந்தது. 1997-ல் சிங்கப்பூரில் நடந்த அக்வராமா கண்காட்சியில் புதிய இனங்களுக்கான பிரிவில் மூன்றாம் பரிசு பெற்றதுதான் அதற்குச் சனியன் பிடித்த நேரம். அன்றுமுதல் ஆற்றிலிருந்து வாளி, வாளியிலிருந்து கவர், கவரிலிருந்து தெர்மாகோல் பெட்டி, பெட்டியிலிருந்து விமானம் என்று அதற்கு ஒரே திசைப் பிரயாணமாகிவிட்டது. ராஜீவ் ராகவன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2005 முதல் 2012 வரை அழிவு அபாயத்திலுள்ள 30 இனங்களைச் சேர்ந்த நன்னீர் மீன்கள் 15 லட்சத்துக்கு மேல் இந்தியாவிலிருந்து வெளிநாடு போயின; அவற்றில் 3 லட்சத்துக்கு மேற்பட்டவை இந்தச் சிவப்புக் கோட்டு மீன்களே. இந்தச் சாலையிலிருந்து நாம் பார்க்கிற மலைகளுக்குப் பின்னால் பரம்பிக்குளத்து நீர் சேர்கிற சாலக்குடி ஆற்றில் இதற்கு ஒரு சகோதர இனம் உண்டு. 1999-ல்தான் அதைத் தனி இனமென்று அடையாளம் கண்டார்கள்.

2008-ல் கேரள அரசு விழித்துக்கொண்டு, ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களில் செங்கணியானைப் பிடிக்கக் கூடாது என்று விதி செய்தது. விதியின் நோக்கம் உயர்ந்ததே. ஆனால் பின்னால் ஆராய்ந்தவர்கள், மீன் இனப்பெருக்கம் செய்வது அக்டோபரிலிருந்து மார்ச் வரையிலான மாதங்களில் என்று கண்டார்கள். அதாவது, கருவுற்றிருக்கும் காலத்தின் பெரும்பகுதியில் வலை போடச் சட்டமே அனுமதித்திருந்தது! இப்படிப்பட்ட விதிகளைப் படிக்கும்போது, ஆற்றங்கரைக்குப் போகாமலே ஆற்றுக்குச் சட்டம் செய்கிற சாமர்த்தியம் நம்மவர்களுக்கு எப்படி வாய்த்தது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. விதியைவிட அதிகமாக உதவியது, கொச்சிக்கருகே பனங்காட்டு மீன்வளக் கல்லூரியில் அன்னா மெர்ஸி முதலானவர்கள் இந்த மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வழி கண்டதுதான். பண்ணையில் பிறந்த மீன் மலிவாகக் கிடைக்கும் அளவுக்கு மலையாற்று மீனுக்கு மூச்சுவிட அவகாசம் கிடைக்கும். என் மருமகனின் கப்பிக்கு உயிர்ப்பிச்சை அளிக்கிற அதே கவரும் அதே சிலிண்டரும் ஓர் ஆற்றையே காலி செய்யவும் கூடும் என்பதை அந்தக் கடையில் நின்றபோது என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதற்காகச் சிலிண்டரை என்ன குற்றம் சொல்வது?

பெட்டி தயாராயிற்று. தை மாதத்து டில்லியில் இரவுக் குளிர் நம் ஊர்க்காரர்கள் கற்பனை செய்ய முடியாதது. பாலக்காட்டு வெதுவெதுப்பில் வளர்ந்த மீன்கள் அங்கே பெட்டி வெளியே கிடந்தால் ஒரு மணி நேரத்தில் விறைத்துவிடும். தெர்மாகோல் பெட்டிக்குள் கவர்களைச் சுற்றிச் செய்தித்தாள் மடிப்புகளைத் திணித்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, வெளியே அட்டைப்பெட்டி போட்டு, உயிர்ப்பிராணி என்ற சீட்டும் மேல்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறியும் நாற்புறமும் ஒட்டினார். எங்கள் ஊர் மலையாளப் பேப்பர் ஒன்றும் தமிழ்ப் பேப்பர் ஒன்றும் அந்த மடிப்புகளில் கலந்து டில்லிக்குப் போயின.

கிணத்துக்கடவு வழியாகக் கோயம்புத்தூர் போய்ப் பீளமேட்டு விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கை அடைந்தோம். சரக்குக்குக் கட்டணம் எடையால் மட்டுமல்ல, அடைக்கிற இடத்தாலும் கணக்கிடப்படுகிறது; தெர்மாகோலும் வாயுவுமாக உள்ள மீன் பெட்டி எடைக்கு லேசானாலும் இடத்தை அடைக்கும். கட்டணம் மீன்களின் கடைவிலையைப் போல் பல மடங்காக வந்தது. என் தங்கை இந்தக் கணக்கைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய மௌனத்தின் அர்த்தம் எனக்குத் தெரியும். பிராணி இயற்கையாக மரித்தால் கம்பெனி பொறுப்பாகாது என்ற ஷரத்தின் கீழ் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்த குமாஸ்தா பெட்டியைக் கிடைமட்டமாகவே நகர்த்தும்படி ஆளிடம் இருமுறை சொன்னது எனக்குத் திருப்தியாக இருந்தது. தாயும் பிள்ளையும் அதே விமானத்தில் மேல் தளத்தில் ஏறினார்கள், மீன்கள் கீழே.

அன்றிரவு டில்லியிலிருந்து என் மைத்துனர் டெலிபோன் செய்தார். பெட்டி தாமதமில்லாமல் கைக்கு வந்ததாகவும், வயதான கப்பி ஒன்று தவிர மற்றவை பிழைத்ததாகவும், சொன்னபடி மிதக்கவிட்டுத் தொட்டியில் விட்டாயிற்று என்றும் சொன்னார். பையன் அருகில் நின்று ஏதோ நச்சரிப்பது கேட்டது. மீன்கள் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவாம். இப்போதாவது ஒரு சிட்டிகை தீனி போடலாமா என்று கடைக்காரரிடம் கேட்டுச் சொல்லச் சொல்கிறானாம். நான் பொள்ளாச்சிக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"நாளைக்குக் காலைல போதுங்க. லைட்டையும் அணைக்கச் சொல்லுங்க" என்றார் அவர்.